லண்டன் சிரிப்புப் பாட்டுக்காரரும் பார்சிப்பனி புகை அலாரமும்

வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு தாளம் போட்டதால்தான் எனக்கு அமெரிக்காவில் ஒரு மேடை கிடைத்தது.

1997. நியூ ஜெர்சி, பார்சிப்பனி. கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. கணவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தோண்டி எடுத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நான் ஹெச்-ஃபோர் விசாவில் வந்தவள். அதாவது, அவர் மனைவி என்ற முறையில் இந்த நாட்டில் இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச்சில் ஞாயிறு தவறாமல் ஆர்கன் வாசித்தவள் நான். இங்கே வந்ததிலிருந்து என் விரல்கள் தொட்ட கட்டைகள் மைக்ரோவேவின் பட்டன்கள் மட்டும்தான்.

அந்த வருடம் கடைவாய்ப் பல் ஒன்று என்னைப் படாதபாடு படுத்தியது. ரூட் 46 நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வெள்ளைக்காரர், உருண்டையான ஆள், எப்போதும் சிவந்த கன்னம். என்னை நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, பஞ்சை அடைத்து, மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். மெஷின் சத்தத்துக்கு மேலே முகமூடிக்குள்ளிருந்து ஒரு பாட்டு வந்தது. மூச்சு விடாமல் ஓடும் பாட்டு. வார்த்தைகள் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. ஒவ்வொரு அடியின் முடிவிலும் திடீரென்று நின்று, ஒரு சின்னத் துள்ளல், பிறகு மறுபடி ஓட்டம்.

எனக்கு வலி மறந்துவிட்டது. என் வலது கை தானாக நாற்காலியின் கையில் அந்தத் துள்ளலைத் தட்ட ஆரம்பித்தது. இரண்டாவது அடியிலேயே பாட்டு எங்கே நிற்கும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் நின்ற இடத்தில் நானும் நின்றேன். அவர் மெஷினை அணைத்துவிட்டு முகமூடியை இறக்கினார்.

"நீங்கள் பியானோ வாசிப்பவரா?"

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். வாயில் பஞ்சு. தலையை மட்டும் பலமாக ஆட்டினேன்.

பல்லை மறந்துவிட்டு அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். அவர் பாடியது விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த புதிதில் லண்டனில் பெயர் வாங்கிய ஒரு சிரிப்புப் பாட்டுக்காரருடைய பாட்டு. தானே எழுதி, தானே மெட்டுக்கட்டி, தானே பாடியவர். எங்கோ யாரோ தங்கள் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது ஒரு கட்டு மெட்டுக் காகிதங்கள் இவர் கையில் கிடைத்தன. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அந்தப் பாட்டுக்காரருடைய வாழ்க்கையைத் துருவித் தேடி, ஒரு மணி நேர நிகழ்ச்சியாக எழுதி, தானே தொப்பி போட்டு வேஷம் கட்டி நூலகங்களில் நடத்துகிறார். அவருக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்த அம்மாள் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். பக்கத்து ஊர் நூலகத்தில் நிகழ்ச்சி வருகிறது, பியானோவுக்கு ஆள் இல்லை.

"வருவீர்களா?"

பஞ்சோடு "யெஸ்" என்றேன். அது எப்படிக் கேட்டதோ, அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் கணவரிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விசாவுக்கு ஏதாவது பிராப்ளம் வந்துடாதே?"

"காசு வாங்கப் போறதில்லைங்க. சும்மா வாலண்டியர்தான். ஒத்திகைகூட அவர் வீட்டுலதான்."

"சும்மான்னாலும் லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம். அப்புறம், பல் டாக்டர் வீட்டுல பியானோவா? நானும் கூட வரேன்."

லாயர், பைசா வாங்காமல் வாசிப்பதில் ஒரு தடையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் போனோம். டாக்டர் வீட்டில் அவரும் ஒரு கிழட்டு நாயும்தான். பேஸ்மெண்டில் பியானோ. நாய் பியானோவின் அடியிலேயே படுத்துக்கொள்ளும், பெடலை மிதித்தால் வால் ஆடும். கணவர் ஒரு மூலையில் பாதுகாப்பு அதிகாரி மாதிரி உட்கார்ந்தார்.

நான் கட்டைகளில் கை வைத்தேன். எத்தனை மாதம் கழித்து! உடம்பெல்லாம் புல்லரித்தது. முதல் பாட்டைத் தாளைப் பார்த்து வாசித்தேன், ஒரு சுரம்கூட விடவில்லை. எனக்கே பெருமை. டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"சரியாக வாசிக்கிறீர்கள். ஆனால் சிரிப்பதற்கு இடமே விடவில்லையே!"

சர்ச்சில் ஆர்கன்காரர் யாருக்காகவும் நிற்க மாட்டார். சபை அவர் பின்னால் ஓடி வர வேண்டும். சிரிப்புப் பாட்டில் அது தலைகீழ். பாடகர் ஒரு வேடிக்கையான வார்த்தையைப் போடுவார், கூட்டத்துக்கு அது உறைக்க வேண்டும், முதல் வரிசை சிரித்து, அது பின்வரிசைக்குப் போய், அடங்கத் தொடங்கும் அந்த நொடியில் பியானோ அடுத்த அடியைத் தூக்கிவிட வேண்டும். ஒரு நொடி முந்தினால் சிரிப்பு செத்துவிடும். ஒரு நொடி பிந்தினால் பாட்டு செத்துவிடும். இதை டாக்டர் சொன்னபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இசையில் இப்படி ஒரு வித்தை இருக்கிறதா? இவ்வளவு நாள் எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

சிரிப்பதற்கு ஆள் வேண்டுமே. பேஸ்மெண்டில் இருந்த ஒரே ரசிகர் என் கணவர்தான். அவருக்கோ அந்தக் கால ஆங்கில நகைச்சுவை ஒன்றும் புரியவில்லை. "நான் எப்ப சிரிக்கணும்னு நீ ஒரு சிக்னல் குடுத்தா சிரிச்சிடுறேன்" என்றார். நான் தலையை ஆட்டும்போதெல்லாம் ஆபீசில் மேனேஜர் ஜோக்குக்குச் சிரிக்கிற மாதிரி "ஹா ஹா" என்று சிரிப்பார். அதைப் பார்த்து டாக்டர் நிஜமாகச் சிரிப்பார். அப்படித்தான் ஒத்திகை நடந்தது.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்தப் பாட்டுக்காரருடைய வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகத் தெரியவந்தது. லண்டனில் நொடித்துப்போன துணிக்கடைக்காரர் ஒருவரின் மகன். அப்பா செத்ததும் ஒரு வக்கீல் ஆபீசில் பத்திரம் நகல் எடுக்கும் வேலை. நாள் முழுக்க "மேற்படி நபர் மேற்படி வீட்டை" என்று எழுதி எழுதி, அந்த வக்கீல் பாஷையையே பாட்டாக்கினார். சாயங்காலம் ஒரு சாப்பாட்டு விடுதி. ஆண்கள் இறைச்சியும் பீருமாக உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருக்கும் இடம். அங்கே மேஜை மேல் ஏறி அதைப் பாடினார். கூட்டம் கும்மாளம் போட்டது. ஒரு நாள் அவருடைய முதலாளி வக்கீலே சாப்பிட வந்து, பாட்டில் தன் மூக்கும் தன் இருமலும் வருவதைக் கேட்டுவிட்டார். மறுநாள் வேலை போனது. அன்றிலிருந்து முழுநேரப் பாட்டுக்காரர்.

அப்போது ரயில் புதிது. தெருவுக்கு கேஸ் விளக்கு புதிது. பலரும் ஏறும் குதிரை பஸ் புதிது. ஊரில் எது புதிதாக வந்தாலும் அந்த வாரமே அவரிடம் பாட்டு தயார். ரயிலில் தொப்பி பறந்தவன், பஸ்ஸில் தவறிப்போய் யார் மடியிலோ உட்கார்ந்தவன், எல்லாரும் பாட்டுக்குள் வந்தார்கள். ஒரு நடிகையைக் கல்யாணம் செய்தார். அந்த அம்மாள் தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து முதல் சிரிப்பை ஆரம்பித்துவைப்பாராம். இதைக் கேட்டதும் நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசரமாக "ஹா ஹா" என்றார்.

பிறகு கப்பலேறி நியூயார்க் வந்திருக்கிறார். லண்டனில் ஊரையே சிரிக்கவைத்த பாட்டுகளைப் பாடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. வேடிக்கையெல்லாம் லண்டன் தெரு, லண்டன் வீட்டுச் சொந்தக்காரி. இங்கே யாருக்கு என்ன தெரியும்? விடுதி அறையில் அடைந்து கிடந்தவர், வெளியே வந்து ஊரைச் சுற்றிப் பார்த்து, நியூயார்க்கைப் பற்றியே புதுப் பாட்டு எழுதினார். அதற்கு அரங்கம் அதிர்ந்தது. ஆனால் அந்தப் பாட்டின் வார்த்தைகள் இன்றைக்கு எங்கேயும் இல்லை. மெட்டு மட்டும்தான் டாக்டரின் காகிதக் கட்டில் இருந்தது. நிகழ்ச்சியில் அந்த இடம் வந்தால் "பாட்டு கிடைக்கவில்லை, மெட்டைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, பியானோ மட்டும் வாசிப்பது வழக்கம்.

கடைசிக் காலத்தில் அவருக்குத் தொண்டை போய்விட்டது. அப்போதும் மேடையை விடவில்லை. மனைவி ஓரமாக நின்று பாடுவார், அவர் நடுவில் நின்று முகத்தாலும் கையாலும் நடித்துக்காட்டுவார். நாற்பது வயது தாண்டிச் சில வருடங்களில் இறந்துபோனார்.

அந்த வார்த்தை இல்லாத மெட்டு என்னை விடவில்லை. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, மண்டைக்குள் அதுதான். எங்கள் அபார்ட்மெண்டில் அடுப்புக்கு மேலே ஒரு புகை அலாரம் உண்டு. தாளிக்க வேண்டியதுதான், "பீப் பீப்" என்று ஊரைக் கூட்டும். கணவர் துண்டை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி விசிறுவார். ஒரு நாள் அவர் விசிறிக்கொண்டிருக்கும்போதே, அந்த மெட்டில் எனக்குத் தமிழில் வார்த்தை விழுந்தது:

கடுகு போட்டேன், கறிவேப்பிலை போட்டேன்,
ஜன்னலைத் தொறக்க மறந்தே போட்டேன்,
வத்தலை வறுத்தேன், வாசமும் வந்தது,
வாசல் வரைக்கும் புகையும் வந்தது,
பீப் பீப் பீப்! துண்டை எடுங்க!
பீப் பீப் பீப்! நாற்காலி போடுங்க!

கணவர் நாற்காலி மேலேயே நின்று சிரித்தார். தலையாட்டலுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. "ஏய், இது நல்லாருக்கே! ஃபயர் இன்ஜின் வர்ற மாதிரி இன்னொண்ணு போடேன்" என்றார். நான் முகம் கழுவக்கூடப் போகாமல் இரண்டாவது சரணத்தை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பாட்டு அது.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நூலகத்தின் பின்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஓரத்தில் காபி, குக்கீஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் ரிட்டயரானவர்கள். குளிர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூடம் நிரம்ப உட்கார்ந்திருந்தார்கள். நான் மயில் கழுத்துப் பச்சையில் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். டாக்டர் நேரத்துக்கு வந்தார். கட்டம் போட்ட நீளக் கோட்டு, உயரத் தொப்பி. அருகில் வந்து வாயைத் திறந்தார்.

காற்று மட்டும் வந்தது.

ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இரண்டு நாளாக ஜலதோஷமாம். காலையில் எழுந்தால் குரல் சுத்தமாக இல்லை. நூலகத்து அம்மாள் பதறிப்போய், "எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார். டாக்டர் பலமாகத் தலையை அசைத்து மறுத்தார். ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, பாட்டுக்காரரின் தொண்டை போன இடத்தில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் என்னைக் காட்டினார். அடுத்து, என் பின்னால் கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நின்ற என் கணவரைக் காட்டினார்.

புரிந்துவிட்டது. நான் பாட வேண்டும். கணவர் வாழ்க்கைக் கதையை வாசிக்க வேண்டும். டாக்டர் நடிப்பார்.

"என்னது, நானா?" கணவருக்கு வியர்த்துவிட்டது. "நான் ஆபீஸ் மீட்டிங்லயே வாயைத் தொறக்க மாட்டேன். ஆக்சென்ட் வேற. இவங்களுக்கு என்ன புரியும்?"

"புரியற மாதிரி மெதுவாப் படிங்க."

"நீ பாடிடுவியா?"

"எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம்." சொல்லும்போதே அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை வாரம் விரலோடு சேர்ந்து வார்த்தையும் ஏறியிருந்தது. நெஞ்சு பியானோவைவிட வேகமாக அடித்தது. பயம் என்று சொல்ல மாட்டேன். ரங்கராட்டினம் மேலே போய் ஒரு நொடி நிற்குமே, அது மாதிரி.

கணவர் ஸ்கிரிப்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார். பாளையங்கோட்டை ஆங்கிலத்தில், ஸ்கூல் பிரேயரில் வேதபாடம் வாசிக்கிற மாதிரி, "இந்த மனிதர் லண்டனில் பிறந்தார்" என்று கணீரென்று ஆரம்பித்தார். பக்கத்தில் டாக்டர் தொட்டிலில் கிடக்கும் குழந்தை மாதிரி கட்டைவிரலைச் சூப்பினார். கூடம் சிரித்தது. கணவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தான் ஏதோ தப்பாகப் படித்துவிட்டோம் என்று அந்த வரியை மறுபடி படித்தார். டாக்டர் மறுபடி சூப்பினார். கூடம் இரண்டு மடங்கு சிரித்தது. அந்த நொடியில் என் கணவருக்கு விஷயம் பிடிபட்டதை அவர் முகத்தில் பார்த்தேன். மூன்றாவது முறையும் அதே வரியைப் படித்தார், வேண்டுமென்றே.

நான் வக்கீல் ஆபீஸ் பாட்டைப் பாடினேன். ஓட்டமான பாட்டு. எங்கள் ஊர்க்காரர்களின் வாய் வேகம் எனக்குக் கை கொடுத்தது. வார்த்தை ஒன்றும் இடறவில்லை. என் உச்சரிப்பு அவர்களுக்கு வித்தியாசமாக இருந்திருக்கும், ஆனால் டாக்டரின் கை கால் ஒவ்வொரு வார்த்தையையும் படம் போட்டுக் காட்டியது. நான் அடிக்கு அடி நின்றேன். சிரிப்பு வந்தது, முன்வரிசையிலிருந்து பின்னால் போனது, அடங்கத் தொடங்கியது, தூக்கினேன். மறுபடி வந்தது, தூக்கினேன். கடல் அலையில் கால் வைத்துக் குதிக்கிற மாதிரி! இத்தனை பேருடைய மூச்சு என் பத்து விரலில் கட்டியிருக்கிறது என்று தோன்றியது.

நியூயார்க் வந்தது. கணவர், "முதல் நாள் யாரும் சிரிக்கவில்லை" என்று வாசித்தார். டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "பிறகு அவர் இந்த ஊரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு கிடைக்கவில்லை" என்று வாசித்துவிட்டுக் கணவர் என்னைப் பார்த்தார். நான் மெட்டை மட்டும் வாசிக்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. முன்கூட்டி நினைக்கவும் இல்லை. கடுகு போட்டேன், கறிவேப்பிலை போட்டேன் என்று தமிழில் எடுத்துவிட்டேன்.

டாக்டர் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, என்ன நடிப்பது? கூடத்தில் எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் "பீப் பீப் பீப்!" என்றேன். என் கணவர், ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறக்காத மனிதர், பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, ஸ்கிரிப்டைத் துண்டு மாதிரி பிடித்துக் கூரையைப் பார்த்து வெறி பிடித்தவர் போல விசிறினார்.

ஒரு நொடி. இரண்டு நொடி. நான் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மாள் "ஐயோ, ஸ்மோக் அலாரம்!" என்று கத்தினார். கூடம் உடைந்தது. அவர்கள் வீட்டிலும் அதே அலாரம்தானே! பேக்கன் இறைச்சி பொரித்தாலும் அதே பீப்தானே! இரண்டாவது சரணத்துக்கு டாக்டர் ஃபயர் இன்ஜினாகவே மாறி, கூடத்தைச் சுற்றி ஓடி வந்தார்.

ஆறடி ஆளுங்க அஞ்சு பேர் வந்தாங்க,
அடுப்புல என்ன தீன்னு கேட்டாங்க,
தீயும் இல்லைங்க, திருட்டும் இல்லைங்க,
திருநெல்வேலி ரசமுங்க ஐயா!
பீப் பீப் பீப்!

கடைசி பீப்பை மொத்தக் கூடமும் எங்களோடு பாடியது. முடிந்ததும் அவர்கள் எழுந்து நின்று கை தட்டியதை நான் பியானோவின் கறுப்புப் பளபளப்பில்தான் முதலில் பார்த்தேன். திரும்பினால், நாற்காலியிலிருந்து இறங்க மறந்து என் கணவர் மேலேயே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

காரில் திரும்பி வரும்போது இருவரும் மாறி மாறிக் கத்தினோம். "நீங்க அந்த வரியை மூணாவது தரம் படிச்சீங்களே!" "நீ பாட்டுக்குத் தமிழ்ல எடுத்து விட்டியே!" ஹைவேயில் நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பி வந்தோம்.

டாக்டருக்கு ஒரு வாரத்தில் குரல் வந்துவிட்டது. ஆனால் பழைய மாதிரி தனியாகப் பாட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கணவர் வாசிப்பார், டாக்டரும் நானும் பாடுவோம், நியூயார்க் வந்தால் தமிழ்ப் பாட்டு. அப்படியே அக்கம்பக்கத்து நூலகங்கள், முதியோர் இல்லங்கள், ஒரு தடவை தீயணைப்பு நிலையத்தின் விருந்து. அங்கே ஆறடி ஆளுங்க அஞ்சு பேர் நிஜமாகவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் "பீப்" என்றதும் ஐந்து பேரும் எழுந்து ஓடுகிற மாதிரி பாவனை செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்து, அன்றைக்கு என்னாலேயே பாட்டை முடிக்க முடியவில்லை.

அடுத்த பொங்கல் விழாவுக்கு நியூ ஜெர்சித் தமிழர்கள் கூப்பிட்டார்கள். எடிசன் பக்கம் ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியம். எனக்கு முன்னால் பரதநாட்டியம், பின்னால் சினிமா டான்ஸ். பிள்ளைகள் நாற்காலிகளுக்கு நடுவில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், வெளியே சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. கீபோர்டில் உட்கார்ந்து முதல் அடியைப் பாடினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சொந்த பாஷை, சொந்த ஜனம், சொந்த ரசம். ஒரு உதடுகூட அசையவில்லை! என்ன பாட்டு இது, எந்தப் படம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள்.

லண்டன்காரர் நினைவுக்கு வந்தார். கையை எடுத்தேன். மைக்கில் சொன்னேன்: "இது படத்துல வந்த பாட்டு இல்லைங்க. உங்க வீட்டு அடுப்படிப் பாட்டு. இந்த ஹால்ல யார் வீட்லயெல்லாம் ஸ்மோக் அலாரத்து மேல பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க?"

மெதுவாக ஒரு கை. இன்னொரு கை. பிறகு கூடம் முழுக்கக் கைகள். தூக்கிய கையைப் பார்த்து அவர்களே சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் முதலிலிருந்து எடுத்தேன். அப்புறம் நடந்ததைக் கேட்கவே வேண்டாம். இந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகள், தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளைகள், மேடைக்கு முன்னால் கூடிநின்று "பீப் பீப் பீப், துண்டை எடுங்க!" என்று கூவினார்கள்.

இறங்கி வந்ததும் ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏம்மா, அந்தப் பாட்டு எங்க வீட்டைப் பத்தியா? போன மாசம் எங்க வீட்டுக்குத்தான் ஃபயர் இன்ஜின் வந்துச்சு. யாரு உன்கிட்ட சொன்னா?"

வக்கீலின் மூக்கும் இருமலும் என் கண்முன் வந்தன. "சத்தியமா எனக்குத் தெரியாது ஆன்ட்டி. எங்க வீட்டுக் கதைதான்."

"அப்படியா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, பரவாயில்ல. அடுத்த தடவை பாடும்போது, அங்கிள் ஸ்டூல்லேருந்து விழுந்து சோபா மேல உட்கார்ந்தாரே, அதையும் சேர்த்துக்கோ. அதை விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

சேர்த்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் அதற்குத்தான் பெரிய சிரிப்பு, அங்கிளே எழுந்து நின்று கும்பிட்டார். அதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் ஏதாவது ஒரு கதையோடு வந்தார்கள். கார் ஓட்டும் டெஸ்டில் பரிசோதித்த அம்மாளை "சார், சார்" என்று கூப்பிட்டவர், ஊரிலிருந்து வந்த மாமியார் கார்பெட்டில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட கதை, கிரீன் கார்டு இன்டர்வியூவில் கல்யாணத் தேதியை மறந்த புருஷன். எல்லாம் பாட்டானது. ஒரு பாட்டு எழுதி முடித்தால் அடுத்த பாட்டுக்கு மனசு பறந்தது. வீட்டில் சும்மா இருக்கிறேன் என்ற நினைப்பே எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

2000-ல் எங்களுக்கும் கிரீன் கார்டு வந்தது, இனி நானும் வேலை பார்க்கலாம். ஒரு ஸ்கூலில் பிள்ளைகளுக்கு மியூசிக் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் வாரமே அவர்களுக்கு ஓட்டப் பாட்டு கற்றுக்கொடுத்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து ஆலன் என்ற ஊருக்குக் குடிபோனோம். டாக்டரிடம் சொல்லப் போனபோது இதோடு எங்கள் நிகழ்ச்சி முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவரோ கண் பளபளக்க, "அங்கே நூலகம் இருக்கும் அல்லவா? தமிழர்கள் இருப்பார்கள் அல்லவா? நான் எப்போது வரட்டும்?" என்று கேட்டார்.

அந்த வசந்த காலத்திலேயே கிளினிக்கை ஒரு வாரம் மூடிவிட்டு வந்தும் விட்டார். பெட்டியில் கோட்டும் தொப்பியும், துணியைவிட அவைதான் அதிக இடம். ஆலனில் நாங்கள் போகும் தமிழ்ச் சபைக்காரர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தங்கள் கூடத்தைக் கொடுத்தார்கள். குழந்தைகள் தரையில், பெரியவர்கள் பிரியாணித் தட்டோடு சுவரோரம். டெக்சாஸ் வெயிலைப் பற்றி அந்த வாரம்தான் எழுதிய ஒரு பாட்டையும் சேர்த்துக்கொண்டோம். காரின் ஸ்டியரிங்கில் கை சுட்டுக்கொண்டவன் கதை. மை காயாத பாட்டு. பாடும்போது எனக்கே அடுத்த வரி வருமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வந்தது. சுவரோரம் இருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

முடிந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், டாக்டரின் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதையில் வந்த பாட்டுக்காரர் தமிழரா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "பாதித் தமிழரும்மா. நியூயார்க்ல எழுதின பாட்டு மட்டும் தமிழ்."

சுற்றி நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி அந்தப் பெண்ணின் தலையில் வைத்தார். அது அவள் மூக்கு வரை இறங்கியது. இன்னும் ஒரு பாட்டு பாடலாமா என்று கேட்டார். கூடத்தைப் பூட்டச் சாவியோடு வந்த சபை அண்ணன் ஒருவர், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கீபோர்டை மறுபடி ஆன் பண்ணினேன்.